எண்ணுக்குக் கீழே ஒரு வரி



நீடாமங்கலம் வட்டாரத்தில் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நவீன அரிசி ஆலைக்கு வங்கிக் கடன் கேட்பவர் எழுதுகிறார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அதன் இயக்குநர்கள் எழுதுகிறார்கள். நம் ரயில் நிலையத்திலிருந்து சரக்கு ரயிலில் போகும் நெல்லுக்கு லாரி ஓட்ட ஒப்பந்தம் கேட்பவரும் எழுதியாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண்கள் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லும் அடிக்குறிப்பு மட்டும் இருக்காது. அந்த அடிக்குறிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் ஊர் அறிக்கை எதுவும் காவிரியைத் தொடாமல் நகராது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும்? ஒருவர் 205 என்று எழுதுவார், இன்னொருவர் 192 என்பார், மற்றொருவர் 177.25 என்பார். மூன்றுமே ஆவணத்தில் உள்ள எண்கள்தான். 205 என்பது காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் தந்த இடைக்கால உத்தரவு. அது மேட்டூருக்கு வந்து சேர வேண்டிய அளவு. 192 என்பது அதே மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் தந்த இறுதித் தீர்ப்பு. அது எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுவது. 177.25 என்பது 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் குறைத்துத் தந்தது. ஆண்டு மாறியதோடு அளக்கும் இடமும் மாறியிருக்கிறது. "உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 16 பிப்ரவரி 2018" என்று கீழே ஒரு வரி இருந்தால், படிப்பவர் தயங்காமல் மேலே போவார். அது இல்லாவிட்டால் பழைய எண்ணை வைத்துப் பாசனக் கணக்கே போட்டுவிடுவோம்.

விலையும் அப்படித்தான். 2025–26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயைச் சேர்த்தால் நம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2,500. அறிக்கையில் 2,500 என்று போட்டு, "மத்திய அரசு விலை" என்று எழுதினால், வங்கி மேலாளர் சரிபார்க்கும்போது 2,369 என்றுதான் காண்பார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய மற்ற எண்களையும் அவர் நம்பமாட்டார். இந்த இடத்தில் குறிப்பு இரண்டாக வர வேண்டும்: மத்திய அறிவிப்புக்கு ஒன்று, மாநில அறிவிப்புக்கு ஒன்று.

பலரும் கவனிக்காத ஒன்று, மாவட்டத்தின் பெயர். 1990-ல் "தஞ்சாவூர் மாவட்டம்" என்று அச்சான புள்ளிவிவரத்தில் நீடாமங்கலமும் அடக்கம், நாகப்பட்டினமும் அடக்கம். 1991-ல் நாகை பிரிந்தது. 1997-ல் திருவாரூர் மாவட்டம் உருவாகி நாம் அதில் வந்தோம். அன்றைய தஞ்சை விளைச்சலை இன்றைய தஞ்சையோடு ஒப்பிட்டு, "சாகுபடி சரிந்துவிட்டது" என்று எழுதுவது பெரும் பிழை. பழைய நூலை மேற்கோள் காட்டினால் "பிரிக்கப்படாத தஞ்சாவூர் மாவட்டம்" என்று குறிப்பில் சேர்த்தே ஆக வேண்டும். மூட்டைக்கும் அப்படியே. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ, தனியார் வியாபாரி பேசும் மூட்டை வேறு. எத்தனை கிலோ என்பதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, எப்படி எழுதுவது? தாலுகா அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பார்த்திருப்பீர்கள். "பொருள்" என்ற வரிக்குக் கீழே "பார்வை" என்று இருக்கும். அதில் அரசாணை எண், துறை, நாள் எல்லாம் வரிசையாக நிற்கும். அந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. அதையே பக்கத்தின் அடிக்குக் கொண்டுவந்தால் போதும்: வெளியிட்டது யார், ஆவணத்தின் பெயர் என்ன, நாள் அல்லது ஆண்டு, பக்க எண். எல்லாக் குறிப்பும் ஒரே வரிசையில் வர வேண்டும். பத்திரிகைச் செய்தியானால் பதிப்பு ஊரையும் தேதியையும் போடுங்கள். திருச்சிப் பதிப்பில் வந்தது சென்னைப் பதிப்பில் இல்லாமல் போகலாம். இணையத்தில் எடுத்ததானால் நீங்கள் பார்த்த தேதி கட்டாயம். மேட்டூர் நீர்மட்டம் போன்றவை அன்றாடம் மாறுபவை. சொந்தக் கணக்கானால் "எங்கள் கொள்முதல் பதிவேடு" என்று காலத்தோடு சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆய்வேடுகளில், முந்தைய குறிப்பையே மறுபடி சுட்ட, "மேலது" என்று எழுதும் வழக்கம் உண்டு. வணிக அறிக்கைக்கு அது ஆகாது என்பது என் உறுதியான கருத்து. நடுவில் ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்தால் "மேலது" வேறு எதையோ சுட்டும். சுருக்கப் பெயரும் ஆண்டும் மறுபடி எழுதுவதே பத்திரம். குறிப்பு எண்ணைக் கையால் தட்டச்சு செய்யாமல், கணினியின் அடிக்குறிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். எண்கள் தானாகவே திருந்திக்கொள்ளும்.

ஐயம் இருந்தால், நெல் சாகுபடி பற்றிய விவரங்களை நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளியலாம். கேட்டுவந்தால், சொன்னவரின் பதவியையும் நாளையும் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த அறிக்கையை அனுப்புவதற்கு முன், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அதன் ஆதாரம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆதாரம் கிடைக்காத எண்ணை எடுத்துவிடுங்கள்.