ராத்திரி எங்கே நிறுத்துவது?

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலையில் நடக்கக் கிளம்பினால் என் கால் தானாகப் பஞ்சக்கரை சாலைப் பக்கம் திரும்பும். கொள்ளிடத்துக் காற்று, கூட்டம் இல்லாத சாலை. அங்கே ஓரமாக அடிக்கடி ஒரு பேருந்து நிற்கும். நம் ஊர்ப் பேருந்து இல்லை. பதிவு எண்ணைப் பார்த்தால் ஒருநாள் மத்தியப் பிரதேசம், ஒருநாள் ராஜஸ்தான். கூரைமேல் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய மூட்டைகள். ஜன்னல் கம்பிகளில் ஈரச் சேலைகள். பேருந்தின் நிழலில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், அதன்மேல் நாற்பது பேருக்கு டீ. இஞ்சி தட்டிப் போட்ட வாசனை சாலை முழுக்க வரும்.

அந்தப் பேருந்தில் வந்தவர்களைப் பாருங்கள். அறுபதுக்குக் குறைந்தவர் அரிது. டிரைவர், சமையல்காரர், எடுபிடிக்கு ஒரு பையன், இந்த மூன்று பேர்தான் சின்ன வயசுக்காரர்கள். மற்றவர்கள் எல்லாம் தலைப்பாகைத் தாத்தாக்களும் முக்காடிட்ட பாட்டிகளும். திருப்பதி பார்த்து, காஞ்சிபுரம் பார்த்து, இங்கே ரங்கநாதரையும் பார்த்துவிட்டு ராமேசுவரம் போகிறவர்கள். ஊரைவிட்டுக் கிளம்பிப் பல நாள் ஆகியிருக்கும். அரிசி, பருப்பு, மாவு, பாத்திரம், படுக்கை எல்லாம் கூடவே வருகிறது. அந்த ஒரு மாதத்துக்கு அவர்கள் வீடு அந்தப் பேருந்துதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் நடைக்கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், இந்த நேரம் ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒருநாள் கைபேசியை நீட்டினார். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, பெரிய வண்டி ஒன்றையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, குளியலறை இருக்கிறது. காலையில் ஏரி, சாயங்காலம் மலை. “வீட்டை விற்றுவிட்டு இந்த மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பார்க்கிறேன் சார்” என்றார்.

நம் ஊரில் இந்த வண்டிக்குப் பெயர் கேரவன். சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போட்டுக்கொள்ள ஏறுகிற வண்டி என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரமே கரூருக்குப் போய்விட்டார். பேருந்துக்குப் பாடி கட்டுவதில் கரூருக்கு ஈடு ஏது? நம் சாலைகளில் ஓடும் தனியார் பேருந்துகளில் பலவும் அங்கே உடம்பு வாங்கிக்கொண்டு வந்தவைதான். சேஸிஸ் ஒரு விலை, பாடி ஒரு விலை, உள்ளே தச்சு வேலை ஒரு விலை என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். கூட்டுத்தொகையைக் கேட்டதும் அவர் வீட்டம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பேச உரிமை உண்டு. நான் பொன்மலை ரயில்வே பணிமனைக்காரன். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த பணிமனை அது. சக்கரத்தின் மேல் வீடு கட்டுவது எங்களுக்குப் புதிதா என்ன? பெரிய அதிகாரிகள் தடம் பார்க்கப் போகும்போது ரயிலின் கடைசியில் ஒரு சலூன் மாட்டுவார்கள். சலூன் என்றதும் முடிவெட்டும் கடையை நினைக்காதீர்கள். படுக்கையறை, சாப்பாட்டு மேசை, சமையலறை எல்லாம் உள்ள ரயில் பெட்டி. பின்பக்கம் அகலமான கண்ணாடி, அதன் வழியாகத் தண்டவாளம் ஓடி மறைவதைப் பார்க்கலாம். 2018இல் இந்த சலூனைப் பொதுமக்களும் வாடகைக்கு எடுக்கலாம் என்று ரயில்வே திறந்துவிட்டது. அது பணக்கார வீடு. ஏழை வீடும் ஒன்று உண்டு, கேம்ப் கோச் என்போம். தண்டவாள எந்திரங்களோடு போகிற ஊழியர்கள் மாதக்கணக்கில் அதில்தான் குடியிருப்பார்கள். ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில், ஓரத்து லைனில் நிற்கும். வாசலில் கொடி கட்டித் துண்டு உலர்த்தியிருப்பார்கள்.

அந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தவன் என்ற முறையில் நண்பரிடம் நான் கேட்ட முதல் கேள்வி கட்டிலைப் பற்றியது இல்லை. தண்ணீரைப் பற்றியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டி வைத்தால் 200 கிலோ எடையை எப்போதும் சுமந்துகொண்டு ஓட வேண்டும். நம்மவர்கள் ஒரு குளியலுக்கு இரண்டு வாளி ஊற்றிக்கொள்கிறவர்கள். இரண்டு பேர் அப்படிக் குளித்தால் மூன்றாம் நாள் தொட்டி காலி. சரி, உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டுமே, அதை எங்கே விடுவது? குளித்த தண்ணீரையாவது ஒரு தென்னை மரத்துக்கு விடலாம். கழிவறைத் தொட்டியை? அமெரிக்காவில் இதற்கென்றே இடங்கள் உண்டு. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் குழாயை மாட்டித் திறந்துவிட்டு வந்துவிடலாம். இங்கே? ரயிலில்கூட ஒரு காலத்தில் எல்லாம் நேராகத் தண்டவாளத்தில்தான் விழுந்தது. பயோ டாய்லெட் வந்த பிறகுதான் அந்த அசிங்கம் தீர்ந்தது.

சிரிக்காதீர்கள். வயதானவர்கள் பயணத்துக்குப் பயப்படுவதற்கு முதல் காரணம் கழிவறைதான். மூட்டு மடங்காது, ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும், சர்க்கரைக்காரருக்கு இன்னும் அதிகம். காசி போக ஆசையுள்ள எத்தனையோ பேரை அந்த ஒரு யோசனை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது. கேரவனின் உண்மையான கவர்ச்சி ஏரியும் மலையும் இல்லை. நம் கழிவறை நம்மோடு வருகிறதே, அதுதான்.

இரண்டாவது கேள்வி அடுப்பு. இதைச் சொல்லும்போது மனசு கனக்கிறது. 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப்பெட்டி ஒன்று மதுரையில் ரயிலிலிருந்து கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கேஸ் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். காலையில் அடுப்பைப் பற்றவைத்தபோது தீப் பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். பஞ்சக்கரை சாலையில் நான் பார்க்கிற அதே மாதிரி மனிதர்கள். வெளியூரில் விடிந்ததும் ஒரு வாய் சூடாகக் குடிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? அந்தப் பேருந்துக்காரர்கள் அடுப்பைக் கீழே இறக்கித் தரையில் வைத்து எரிக்கிறார்களே, சாலையை அசிங்கப்படுத்துகிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் முணுமுணுத்தவன்தான். மதுரைக்குப் பிறகு முணுமுணுப்பதில்லை.

நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வேறு சில முட்டுக்கட்டைகளை அவரே சொன்னார். ஐம்பத்தைந்தைத் தாண்டியவருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும், மருத்துவச் சான்றும் வேண்டும். பென்சன்காரர் நவம்பர் மாதம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். அதற்கு 2014இல் வந்த ஜீவன் பிரமாண் இருக்கிறது, எந்த ஊரிலிருந்தும் பதிந்துவிடலாம். சித்திரை வெயிலில் திருச்சியில் தகரப் பெட்டிக்குள் எப்படி இருப்பது என்பதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. சித்திரையில் ஊட்டிக்குப் போய்விடுவேன் என்றார்! பதில் இல்லாதவர்கள் சொல்லும் பதில் அது.

அமெரிக்கப் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்கிற சின்ன ஊரைச் சுற்றி இந்த வண்டிகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. அவர்களில் ஆசைப்பட்டு வந்தவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் வந்தவர்களும் உண்டு. 2008 பொருளாதாரச் சரிவில் சேமிப்பையும் வீட்டையும் இழந்து, வேனையே வீடாக்கிக்கொண்டு, அறுபது எழுபது வயதில் கிடங்குகளில் கூலி வேலை பார்த்தவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் ‘நோமாட்லேண்ட்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். பிறகு அது படமாகி ஆஸ்கரும் வாங்கியது. நண்பரின் கைபேசிக்கு அந்தப் பாதி வந்து சேரவில்லை.

எல்லாம் போகட்டும். எங்கள் இருவரையும் உண்மையில் நிறுத்திவிட்ட கேள்வி மூன்றாவது கேள்விதான். ராத்திரி எங்கே நிறுத்துவது?

நெடுஞ்சாலை ஓரமா? பக்கத்தில் லாரி உறுமும். பெட்ரோல் பங்க்கா? ஒருநாள் விடுவார்கள், மறுநாள் கேட்பார்கள். கோயில் வாசலா? காவலர் வந்து ஜன்னலைத் தட்டுவார். கேரளாவில் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே அறிவித்து, மறு ஆண்டு வாகமண்ணில் ஒரு கேரவன் பூங்காவும் திறந்தார்கள். அது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு. ஊர் ஊராகப் போகிற கிழவனுக்கு ஒவ்வொரு ஐம்பது அறுபது கிலோமீட்டரிலும் ஒரு குழாய், ஒரு கழிவறை, ஒரு மர நிழல் வேண்டும்.

இதைச் சொல்லிக்கொண்டே நாங்கள் அன்றைக்கு மலைக்கோட்டைப் பக்கம் போனோம். ராணி மங்கம்மாளின் தர்பார் மண்டபம், இப்போது அரசு அருங்காட்சியகம், அங்கேதான் இருக்கிறது. 1689 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த அம்மாள் பேரனுக்காக இந்த ஊரிலிருந்து அரசாண்டார். போர்களும் செய்தார், ஆனால் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது சாலையும் சத்திரமும்தான். தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் மங்கம்மாள் சாலை என்று இன்றும் பெயர் வழங்குகிறது. மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம். நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்களுக்கு, பொழுது சாயும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடம் அது. கிணறு, திண்ணை, அடுப்பு மூட்ட ஒரு மூலை. அந்தக் காலத்துக் கூண்டு வண்டியும் ஒருவகைக் கேரவன்தானே? வண்டியை அவரவர் கொண்டுவந்தார்கள். நிறுத்துகிற இடத்தை ஊர் கொடுத்தது.

திருச்சிக்காரர்கள் தினம் நூறு தடவை ‘சத்திரம்’ என்று சொல்கிறோம். சத்திரம் போகுமா? சத்திரத்தில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். பேருந்து நிலையம் மிஞ்சியிருக்கிறது, பெயர் மிஞ்சியிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அறநிலையத்துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது, நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு. பேருந்திலேயே படுத்து, வெளியே சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டியது அறை இல்லை. பஞ்சப்பூரில் 2025இல் அவ்வளவு பெரிய பேருந்து முனையம் திறந்திருக்கிறார்கள். அதுபோல ஏதாவது ஓர் இடத்தின் மூலையில் நாலு குழாய், மேடை கட்டிய அடுப்புகள், மேற்கத்திய முறைக் கழிவறை நாலு, கழிவுத் தொட்டியைக் காலி செய்ய மூடி போட்ட ஒரு துளை வைத்தால் போதும். செலவு பெரிதில்லை. இது பணிமனைக்காரன் போட்ட கணக்கு, அதிகாரிகள் வேறு கணக்கு போடக்கூடும்.

கடைசியில் நண்பர் வீட்டை விற்றாரா என்று கேட்பீர்கள். விற்கவில்லை. நான் சொன்ன தண்ணீர்க் கணக்குக்கு அவர் மசியவே இல்லை. அவர் வீட்டம்மா கேட்ட ஒரு கேள்விதான் நிறுத்தியது. “வித்துட்டுப் போயிடலாம். அஞ்சு வருஷம் கழிச்சு முடியாம திரும்பி வந்தா, இந்தத் தெருவுல நம்மை யாருக்கு அடையாளம் தெரியும்?”

ஸ்ரீரங்கத்தில் வாழ்கிறவர் கேட்கக்கூடிய கேள்வி அது. 1323இல் டில்லிப் படை வந்தபோது ரங்கநாதரின் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முன்னால் நடந்தவர் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார், அப்போதே முதுகிழவர். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் வழியிலேயே அவர் உயிர் போயிற்று. பெருமாள் கேரளத்துக்கும் மேல்கோட்டைக்கும் திருமலைக்குமாக 48 ஆண்டுகள் சுற்றிவிட்டு 1371இல்தான் திரும்பி வந்தார். அதற்குள் அவரை நேரில் கண்டவர்கள் ஊரில் அருகிவிட்டார்கள். அந்த இடத்தில் வேறொரு மூர்த்தியும் எழுந்தருளியிருந்தார். எது பழைய பெருமாள் என்று சொல்ல ஆளில்லை. கோயில் வழக்கில் சொல்லும் செய்தி இது: கண் தெரியாத கிழட்டு வண்ணார் ஒருவர், திருமஞ்சனமான ஈர வஸ்திரத்தின் தண்ணீரைச் சுவைத்து, இவர்தான் நம்பெருமாள் என்றாராம். அந்தப் பெயர் நிலைத்ததே அதிலிருந்துதான் என்பார்கள்.

நண்பர் இப்போது ஒரு வேனைப் பதினைந்து நாளுக்கு வாடகைக்குப் பேசியிருக்கிறார். புரட்டாசி கழிந்ததும் கிளம்புகிறார்கள், கரூர் வழியாக மைசூர், அங்கிருந்து மேல்கோட்டை. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். பால்காரரிடம் நாள் கணக்குச் சொல்லியாயிற்று. அடுப்பு வேண்டாம், ஃப்ளாஸ்க் போதும் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார். ராத்திரி நிறுத்துவதற்கு மேல்கோட்டையில் ஒரு பழைய சத்திரத்து ஆட்களிடம் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். உள்ளே அறை வேண்டாம் ஐயா, வாசலில் வண்டி நிற்க இடமும் கிணற்றுத் தண்ணீரும் போதும் என்று. யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.