பயிருக்கும் பலம் உண்டு, பூச்சிக்கும் பகை உண்டு!
(வட்டப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



சம்பா நட்டு ஒரு மாதம் ஆனால் போதும், மருந்துக்கடைக் கணக்கு ஏற ஆரம்பித்துவிடுகிறது. போன வருஷம் கேட்ட மருந்து இந்த வருஷம் கேட்கவில்லை. இன்னும் விலை கூடின டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார்கள். கடன் ஏறுகிறது, புகையான் குறையவில்லை. இது ஏன் என்று புரிந்துகொண்டு போராடினால்தான் நம் கோரிக்கைக்கு பலம்.

பயிர் சும்மா நின்று கடிபடுகிற சாதி இல்லை. நெல் மண்ணிலிருந்து மணல்சத்தை, அதாவது சிலிக்காவை, இழுத்துத் தண்டை முறுக்கேற்றிக்கொள்கிறது. முறுகின தண்டைத் துளைக்கக் குருத்துப்புழு திணறும். உமிச்சாம்பலில் இருப்பது இந்தச் சத்துதான். யூரியாவை அள்ளிக் கொட்டினால் தண்டு இளசாகிறது, சாறு ருசியாகிறது, பூச்சிக்கு விருந்து.

அதுமட்டுமா? புகையான் தாக்கிய பயிர் ஒரு வாசனையை விடுகிறது. புகையான் முட்டையைத் தின்று வளரும் பொடிக்குளவி அந்த வாசனையைப் பிடித்துத்தான் வயலுக்கு வருகிறது. பயிர் ஆள் கூப்பிடுகிறது தோழர்களே! வந்த ஆளை நாமே மருந்தடித்துக் கொல்கிறோம்.

ரகம் ஒன்றே போதும் என்றும் சொல்ல முடியாது. நம்ம திரூர்க்குப்பத்து டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியைத் தாங்கும் ரகம். அதைச் சேர்த்துத்தான் ஐ.ஆர். 20 உருவாக்கினார்கள். ஆனால் புகையானைத் தாங்கும் என்று 1973இல் வந்த ஐ.ஆர். 26, சில வருஷத்திலேயே பிலிப்பைன்ஸில் அதே புகையானிடம் விழுந்தது. பூச்சியும் பழகிக்கொள்ளும். தாங்கும் ரகம் பூச்சியின் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும்; அந்த நேரத்தில் சிலந்தியும் குளவியும் வேலையை முடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் காவல்.

இந்தோனேசியாவில் இதைக் கண்டுதான், 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று அரசே தடை போட்டது. நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

நாம் செய்ய வேண்டியது என்ன?

எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவோம். வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு போடுவோம். நன்மை செய்யும் பூச்சி அங்கே தங்கும். யூரியாவைப் பிரித்துப் போடுவோம். நட்ட 30, 37ஆம் நாளில் குருத்துப்பூச்சிக்கும், 37, 44, 51ஆம் நாளில் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை கட்டுவோம். இரண்டுக்கும் தனித்தனி ரகக் குளவி. கேட்டு வாங்க வேண்டும். ஏக்கருக்கு 2 சி.சி. போதும். அட்டை கட்டின வயலில் மருந்தடித்தால் அத்தனையும் வீண்.

மருந்துப் பம்பைத் தூக்குவதற்கு முன் குத்தை விலக்கிப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். இது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு.

சரி, அட்டை எங்கே? கேட்கிற நேரத்தில் கிடைக்காவிட்டால் சிறு விவசாயி என்ன செய்வான்? 2010இல் பப்பாளி, மரவள்ளி, மல்பெரியை மாவுப்பூச்சி சூறையாடியபோது, பியூர்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டது அரசு நிறுவனங்கள்தானே! மாவுப்பூச்சி அடங்கியது. அன்றைக்கு முடிந்தது நெல்லுக்கு ஏன் முடியாது? ஒருதரம் விட்டால் தானே பெருகும் குளவியில் எவருக்கும் லாபம் இல்லை. அதனால்தான் இது அரசின் வேலை என்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பருவத்துக்கு முன்பே முட்டை அட்டையை இருப்பு வை!
2. பூச்சியைத் தாங்கும் ரக விதையைச் சிறு, குறு விவசாயிகளுக்கு மானியத்தில் கொடு!
3. யூரியா கேட்டால் வேறு சரக்கையும் தலையில் கட்டும் கடைகள் மீது நடவடிக்கை எடு!
4. கிராமம்தோறும் வயல்வெளிப் பள்ளி நடத்து!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்போம். பதில் இல்லையென்றால் விரிவாக்க மையங்கள் முன்பு தர்ணாவில் அமர்வோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். வயலில் பாதி வேலை பெண்களுடையது; அவர்களும் வர வேண்டும்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!