தலைமடையும் கடைமடையும்



மனிதர்கள் கூடி வாழும் ஓர் அமைப்பில் பொறியாளர் எப்படிக் கை வைக்க வேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். அதற்கு உங்களைப் பாலித் தீவின் நெல்வயலுக்கு அழைத்துப் போகிறேன்.

எரிமலைச் சரிவில் படிப்படியாக வயல்கள். ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் உழவர்களின் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். எப்போது நடுவது, எப்போது தரிசு போடுவது என்பதை நீர்க்கோயிலில் கூடி முடிவு செய்வார்கள். பல நூற்றாண்டு வழக்கம் அது.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய கால நெல்லை வாங்கி, கோயில் முறையைப் பார்க்காமல், முடிந்தமட்டும் அடிக்கடி நடுங்கள் என்றது அரசு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பசித்த நாட்டுக்குச் சோறு வேண்டியிருந்தது. ஆனால் புகையான் வந்துவிட்டதே! தஞ்சாவூர்க்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டாம். தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வட்டம் வட்டமாகப் பயிர் கருகும். எந்நேரமும் ஏதாவது ஒரு வயலில் பச்சைப் பயிர் நின்றதால் அதற்குப் பட்டினியே இல்லை. மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து செத்தது. 1986-ல் இந்தோனேசிய அரசே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் பாலியின் இரண்டு ஆறுகளை ஒட்டிய 172 சுபாக்குகளைக் கணினியில் அமைத்துப் பார்த்தார்கள். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு சுபாக்கும் அக்கம்பக்கத்தில் யாருக்கு நன்றாக விளைந்தது என்று பார்த்து, அவர்களைப் போலவே அடுத்து நட வேண்டும். அவ்வளவுதான் விதி; உத்தரவு போட மேலே ஆளில்லை. கணினிக்குள் தானாக உருவான ஒழுங்கு, நீர்க்கோயில்களின் ஏற்பாட்டைப் பெரிதும் ஒத்திருந்தது.

இந்த ஒழுங்கில் தலைமடைக்காரர் எதற்காகத் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார்? அவருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, பூச்சிக் கவலை உண்டு. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அவர் பிந்தி நடுவார். அந்த வயலில் பெருகும் பூச்சி மேல்வயலுக்கு ஏறும். அதனால் இவர் தண்ணீர் விடுகிறார், அவர் இவரோடு சேர்ந்து நட்டு, சேர்ந்தே அறுக்கிறார். தரிசு நாட்களில் பூச்சிக்குப் போக்கிடம் இல்லை. என்னை மிகவும் நெகிழவைக்கும் உடன்பாடு இது. மதகையும் வாய்க்காலையும் மட்டும் அளந்த அரசின் திட்ட வரைபடத்தில் இதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

இளம் பொறியாளர்களே! நாளை ஓர் ஏரியைச் சீரமைக்கும் பொறுப்பு உங்களிடம் வரலாம். அளவுநாடாவை எடுக்கும் முன் அந்த ஊரில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியோடு வரப்பில் நடந்து பாருங்கள். எல்லா மதகையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஒரு போகம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கடைமடைக்காரரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.