இருமல் எல்லாம் ஒன்றல்ல
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் கணித ஆசிரியர், மருத்துவம் படித்தவனல்ல. இருமலைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். மைதானத்தில் ஒரு சுற்று ஓடியதும் உட்கார்ந்துவிடுவான். காலையில் வகுப்பில் தூங்கி விழுவான். 'சோம்பேறி' என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். ஒரு மார்கழிக் காலையில் இறைவணக்கக் கூட்டத்தில் மூச்சுத் திணறி நின்றான். ஆஸ்துமா என்றார் மருத்துவர். இரவெல்லாம் இருமிவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளையைத்தான் நான் திட்டியிருக்கிறேன்.

அதன்பின் கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பகிர்கிறேன்.

சாதாரண சளி மெதுவாகத் தொடங்கும். தும்மல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு இருக்கும். காய்ச்சல் வந்தாலும் லேசாகவே இருக்கும். பெரும்பாலும் பத்து நாளுக்குள் சரியாகிவிடும்.

ஃப்ளூ காய்ச்சல் திடீரென வரும். நேற்று ஓடியாடிய பிள்ளை இன்று கடும் காய்ச்சல், உடல்வலி, தலைவலியோடு சுருண்டு படுக்கும். அதற்கு வீட்டில் ஓய்வு வேண்டும். வருகைச் சதவீதத்துக்காக வரச் சொல்லாதீர்கள்.

ஆஸ்துமாவில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. ஓடினால், குளிர்ந்தால், தூசி பட்டால் இருமல் கூடும். இரவிலும் விடியலிலும் படுத்தும். மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் கேட்கலாம். வகுப்பைப் பெருக்கும்போது இந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்துங்கள்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். வகுப்பில் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம்.

இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். சளியே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். எனவே நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. எத்தனை நாளாக, எந்த நேரத்தில், காய்ச்சல் உண்டா, எதனால் கூடுகிறது என்ற நான்கையும் குறித்துப் பெற்றோரிடம் கொடுப்பது நம் வேலை.

மூச்சு இழுக்கும்போது விலா இடுக்கு உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்த மாணவன் பையில் இன்ஹேலரோடு பள்ளிக்குத் திரும்பினான். வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டியதும் எல்லோர் முன்னாலும்தானே.