வரைபடத்தின் இரண்டு ஓரங்கள்

(வத்திராயிருப்பு வட்டார ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஆறாம் வகுப்பில் தீர்க்கக்கோடு பாடம். சுவரில் உலக வரைபடம். பிஜியின் தலைநகர் சுவா வலது ஓரத்தில், சமோவாவின் தலைநகர் ஆப்பியா இடது ஓரத்தில். விமானத்தில் போனால் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். சுவா 178° கிழக்கு, ஆப்பியா 172° மேற்கு. கூட்டினால் 350. அந்தப் பகுதியில் ஒரு டிகிரிக்குச் சுமார் 107 கி.மீ. பெருக்கி, 37,000 கி.மீ.க்கு மேல் என்று கரும்பலகையில் எழுதினேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "சார், வருசநாடு நம்ம மலைக்கு அந்தப் பக்கம்தான இருக்கு? ஆனா பஸ்ல போனா சுத்திக்கிட்டுப் போகணும். நீங்க சுத்திப் போற தூரத்தைப் போட்டிருக்கீங்களா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்காரும்மா" என்றேன்.

மாலையில் மனம் கேட்கவில்லை. அலமாரி மேல் தூசி படிந்து கிடந்த உலக உருண்டையை இறக்கிப் பார்த்தேன். இரண்டு ஊரும் இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தன. முழு வட்டம் 360°. அதில் 350 போனால் மீதி வெறும் 10. நேர் தூரம் சுமார் 1,150 கி.மீ. சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போவதைவிடக் குறைவு!

மறுநாள் வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நூல் எடுத்தோம். நிலநடுக்கோட்டைச் சுற்றியபோது 94 செ.மீ. வந்தது. அது 40,000 கி.மீ. என்றால், 1 செ.மீ.க்குச் சுமார் 425 கி.மீ. சுவாவுக்கும் ஆப்பியாவுக்கும் இடையே நூல் 2.7 செ.மீ. பெருக்கிப் பார்த்த பிள்ளைகளுக்கு விடை தானாக வந்தது.

அடுத்த கேள்வி தேதிக்கோடு. ஆப்பியாவிலிருந்து அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவுக்குச் சுமார் 125 கி.மீ.தான். ஆனால் சனிக்கிழமை காலை ஏறினால், இறங்கும்போது அங்கே வெள்ளிக்கிழமை காலை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடன் வணிகம் செய்ய வசதியாக, சமோவா 2011 டிசம்பர் 30ஆம் தேதியையே விட்டுவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறியது. வியாழன் இரவு படுத்தவர்கள் சனிக்கிழமை விழித்தார்கள். "அப்ப வெள்ளிக்கிழமை பிறந்தநாள் வந்தவங்க?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அன்று பாட வேளை போதவில்லை.

பிஜி நமக்கு அந்நியமும் அல்ல. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால் சுவா பிள்ளைகளுக்கு வெறும் பெயராக இருக்காது.

உங்கள் பள்ளியிலும் ஓர் உலக உருண்டை இருக்கும். நாளைக்கே கீழே இறக்குங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லும் முன், கையில் ஒரு நூலைக் கொடுத்துப் பாருங்கள்.