சொத்துப் பட்டியலும் மனிதர்களும்



ஓவியர் ரெம்பிராண்ட் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த வீடு 1911 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1639இல் 13,000 கில்டருக்குக் கடனில் வாங்கிய வீடு அது. 1656இல் அவர் திவாலானபோது, அறை அறையாகப் பொருள்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்று வீட்டை மீட்டமைத்திருக்கிறார்கள்.

சிலை, நாற்காலி, சிப்பி எல்லாம் அதில் உண்டு. அங்கே உழைத்தவர்கள் இல்லை. கேர்ட்யே டிர்க்ஸ், தாயை இழந்த குழந்தை டைட்டஸை வளர்க்க வந்த பணிப்பெண். திருமண வாக்குறுதியை மீறினார் என்று 1649இல் ரெம்பிராண்ட் மீது வழக்குத் தொடுத்தார். ஆண்டுக்கு 200 கில்டர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே கௌடா நகரத்தில் பெண்களுக்கான சிறையில் அடைக்கப்பட்டார். அதில் ரெம்பிராண்டுக்குப் பங்கு உண்டு.

அந்தத் தெருவை ஒட்டி அன்று சுதந்திரமான ஆப்பிரிக்கர்களும் குடியிருந்தார்கள். 1661இல் இரண்டு ஆப்பிரிக்க ஆண்களை ரெம்பிராண்ட் வரைந்தார். ஓவியம் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை. திருமணப் பதிவேடுகளிலும் பத்திரங்களிலும் தேடித்தான் ஆய்வாளர்கள் அந்தச் சமூகத்தை மீட்டார்கள். 2020இல் இதே அருங்காட்சியகம் அதைக் கண்காட்சியாக வைத்தது.

சாதியை ஆய்வு செய்கிற எனக்கு இது அந்நியமான கதை அல்ல. சொத்துப் பட்டியலிலிருந்து வரலாறு எழுதினால் சொத்து இருந்தவர் மட்டுமே மிஞ்சுவார். எனவே நினைவிடம் கேட்கும்போது கட்டடத்தோடு நிறுத்தாதீர்கள். அங்கே சமைத்தவர், பெருக்கியவர், பக்கத்தில் வாழ்ந்தவர் பெயர்களைத் தேட ஆளும் நிதியும் கேளுங்கள்.