வாடகைக்கு முன் தண்ணீரைக் கேளுங்கள்

அழைப்பிதழையே விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, இந்தத் திருச்சி வெயிலில் கறுப்பு அங்கியோடு இருப்பவர்களை வைத்துக்கொண்டு நீட்டி முழக்குவது பாவம். அறிமுக உரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளே வரும்போது வராந்தாவில் ஒரு மாணவி கேட்டார்: "சார், எனக்கு ரெண்டு ஆஃபர். கோயம்புத்தூர்ல முப்பதாயிரம். சென்னையில ஆறாயிரம் அதிகம். எதுக்குப் போகலாம்?" பதில் சொல்வதற்குள் என்னை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். இந்த உரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளலாம். உங்களில் பெரும்பாலோர் இன்னும் சில வாரங்களில் மூட்டை கட்டப்போகிறவர்கள்.

முதலில் அந்த ஆறாயிரம். அரசாங்கம் இதற்கு எப்போதோ கணக்குப் போட்டுவிட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி கொடுக்க ஊர்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதல் வகுப்பு சென்னை ஒன்றுதான். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு இரண்டாம் வகுப்பு. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைத் திருத்தி மத்திய அரசு வகுத்தபடி, அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 முதல் இந்த வகுப்புகளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம் என்று படி கிடைக்கிறது. நாற்பதாயிரம் அடிப்படைச் சம்பளக்காரருக்குச் சென்னையில் 12,000, திருச்சியில் 8,000. நாலாயிரம் வித்தியாசம். ஆக, சென்னையில் கூடக் கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்காரருக்குப் போகிற பணம். அது உங்கள் கையில் தங்காது.

அடுத்தது நேரம். பெருநகரத்தில் வேலைக்குப் போய்வரத் தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் செலவாகிறது என்று வையுங்கள். மாதம் 22 நாளுக்கு 44 மணி நேரம். முப்பதாயிரம் சம்பளத்தை 176 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 170 ரூபாய். ஆக, பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றுகொண்டு போகும் நேரத்தின் விலை மாதம் 7,500 ரூபாய். ஆறாயிரம் எங்கே போயிற்று? வருஷக் கணக்கில் பார்த்தால் 528 மணி நேரம், எட்டு மணி நேர வேலை நாளாக 66 நாள். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தால் மிச்சமாகுமே என்பீர்கள். ஆகும். அப்போது அந்த நேரத்தின் விலையை வாடகையில் ஏற்றி வாங்கிவிடுவார்கள்.

இதெல்லாம் எந்த ஆடிட்டரும் சொல்லிவிடக்கூடியது. நான் குடிநீர் வடிகால் வாரியத்தில் தலை நரைத்தவன். ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மையான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக்காரம்மா.

1980களின் தொடக்கத்தில் எனக்குக் கோவைக்கு மாற்றல். மனைவி, கைக்குழந்தை. சாய்பாபா காலனிப் பக்கம் ஒரு வீடு காலி என்று சொல்லிப் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

"எத்தன பேருங்க?"

"மூணு பேருங்கம்மா."

"ஊர்லருந்து வந்து போறவங்க?"

"எப்பவாவது அப்பா அம்மா வருவாங்க."

"வந்தா எத்தன நாளைக்கு இருப்பாங்க?"

சத்தம் பிடிக்காதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் குடங்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் இரண்டு போர்ஷன். ஒரே ஹால், ஒரே அறை, ஒரே சமையல்கட்டு, மேலே ஒரே மங்களூர் ஓடு. முன்பக்கத்துக்கு 350 ரூபாய், பின்பக்கத்துக்கு 270 என்றார். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். "முன்னால சிறுவாணிப் பைப்பு இருக்குதுங்க. பின்னால கெணத்துத் தண்ணிதானுங்க. உப்பு. பருப்பு வேகாது."

நான் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதனைக்கூடத்தில் அளந்து படித்தவன். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன். பருப்பு வேகாது என்ற இரண்டு வார்த்தையில் அந்த அம்மா அதைச் சொல்லி முடித்துவிட்டார். அதற்கு மேலும் ஒன்று சொன்னார்: "செவுத்துக்கு எல்லா எடத்துலயும் ஒரே வெலதானுங்க தம்பி. தண்ணிக்குத்தான் வெல." பின்பக்க வாடகையில் கால்வாசிக்கும் மேலாக அந்தப் பைப்புக்குக் கூடுதல் விலை வைத்திருந்தார். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவர் அல்ல. நிலத்தின் விலையைத் தண்ணீர் தீர்மானிக்கிறது என்று நான் அதற்குப் பிறகு கருத்தரங்குகளில் வாசித்த கட்டுரைகள் எல்லாம் அந்தத் திண்ணையில் கேட்டதன் விரிவுரைதான்.

முன்பக்கத்தையே எடுத்தேன். என்ன வேலை என்று கடைசியில்தான் கேட்டார். சொன்னேன். "அப்பச் சரி, தண்ணி வரலீன்னா உங்களையே கேட்டுக்கறனுங்க" என்றார். சொன்னபடி கேட்கவும் செய்தார், விடியற்காலையில், கதவைத் தட்டி. பைப்பில் தண்ணீர் விடும் நாளில் பின்பக்கத்துக்காரர்கள் ஆளுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொள்ளலாம் என்பது அந்த அம்மா போட்ட சட்டம். மூன்றாவது குடத்தை யாரும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் கோவையில் வீடு வாடகைக்கு என்று விளம்பரம் செய்தால் சிறுவாணித் தண்ணீர் உண்டு என்று சேர்த்துப் போடுகிறார்கள். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் பெருமையடிப்பார்கள். முதலாவது எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தத் தண்ணீர் கேரள எல்லைக்குள் மலைமேல் இருந்து, பம்பு போட்டு ஏற்ற வேண்டிய தேவை இல்லாமல், சரிவிலேயே இறங்கி வருகிறது. இதைப் பெங்களூரோடு ஒப்பிடுங்கள். பெங்களூருக்கும் கடல் இல்லை, பக்கத்தில் பெரிய ஆறும் இல்லை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவிரியிலிருந்து மூன்று கட்டமாகப் பம்பு வைத்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றி ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு குடத்திலும் மின்கட்டணம் கலந்திருக்கிறது. அந்தக் குழாய் எட்டாத புறநகரில் லாரியும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. 2024 மார்ச்சில் அங்கே வந்த தண்ணீர்ப் பஞ்சத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சென்னை இன்னும் வேடிக்கை. கடலை மடியில் வைத்துக்கொண்டு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அது மேட்டூர்க் காவிரித் தண்ணீர். அதற்கு முன்பே, 2004 முதல், வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். இப்போது கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். செய்யட்டும், ஆனால் அது மலிவான தண்ணீர் அல்ல.

நீங்கள் படித்த இந்தத் திருச்சிக்குக் காவிரியும் கொள்ளிடமும் காலடியில். ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கி எடுக்கிறோம். ஊருக்கு எடுத்தது போக ராமநாதபுரம் வரை இங்கிருந்து குழாய் போகிறது. மதுரை அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. வைகையை நம்ப முடியாமல்தான் முல்லைப் பெரியாறு தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து குழாயில் கொண்டுவரும் திட்டம் வந்தது. ஆகையால் மதுரையில் வேலை கிடைத்தால் எந்தத் தெரு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

எப்படி விசாரிப்பது என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் நான் படித்த காலத்தில் சர்வே கேம்ப் என்று ஒன்று இருந்தது. தியோடலைட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒருவர் லெவல் ஸ்டாஃபைப் பிடிக்க, நாள் முழுக்க முள்காட்டில் நடப்போம். எங்கள் பேராசிரியர் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். வரைபடத்தில் அழகாகக் கோடு போட்டுக் காட்டினால், "போய் நின்னு பார்த்தியா?" என்பார். ஊர் மாறுவதற்கும் அவர் கேள்விதான் சரி. வீடு பார்க்கும் தெருவில் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். வாசல்களில் பிளாஸ்டிக் குடம் வரிசையாக இருக்கிறதா, தண்ணீர் லாரி நிற்கிறதா, பெண்கள் பயமில்லாமல் நடந்து வருகிறார்களா, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, மழை பெய்த மறுநாள் தெரு எப்படி இருக்கிறது, எல்லாம் தானே தெரியும்.

தரவரிசைப் பட்டியல்களைக் காட்டுகிறவர்கள் உண்டு. மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வாழ்வதற்கு எளிதான நகரங்களின் பட்டியலில் திருச்சி 12-ஆம் இடம், சென்னை 14. மதிப்பிடும் முறையை மாற்றி 2020-க்கு வெளியிட்டபோது சென்னை 4, கோவை 7 என்றாயிற்று. பத்து லட்சத்துக்குக் குறைவான ஊர்களில் சேலம் 5-ஆம் இடத்துக்கு வந்தது. பெரிய ஊர்களில் முதலிடம் பெங்களூருக்கு. அந்தச் செய்தி வந்தபோது என் அக்கா மகன் பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். பட்டியலைக் குறை சொல்லவில்லை. அது ஊருக்கு மார்க் போடுகிறது. நீங்கள் குடியிருக்கப்போவது ஒரு தெருவில்.

மின்கட்டணத்தையும் கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். பல வீட்டுக்காரர்கள் சப்-மீட்டர் வைத்துத் தாங்களே ஒரு விலை சொல்வார்கள், அந்த இலவசம் உங்களுக்கு வந்து சேராது. மின்செலவு ஊரின் வெயிலையும் பொறுத்தது. திருச்சி, மதுரை வெயில் கடுமைதான், ஆனால் வறண்ட வெயில். ஏர் கூலர் இங்கே வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் அது ஈரக்காற்றைத்தான் வீசும், ஏசி போட்டே ஆக வேண்டும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இனாம். முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் சென்னையில் இன்னும் போகவில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சென்னையை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு வேலை அங்கேதான் கிடைக்கும். கணவன் மனைவி இருவருக்கும் அவரவர் துறையில் வேலை வேண்டுமென்றால் சேலமும் தஞ்சாவூரும் இன்றைக்குப் போதாது. அங்கே 2024-இல் சிறிய டைடல் பூங்காக்கள் திறந்திருக்கிறார்கள், நல்ல தொடக்கம். ஒரு கட்டடம் ஒரு வேலைச் சந்தையாகிவிடாது. அதற்கு வருஷங்கள் ஆகும். வேலையின் முதல் இரண்டு மூன்று வருஷம் தொழில் கற்றுக்கொள்ளப் பெருநகரத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கேயே வீடு வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில்தான் ஆட்சேபணை.

ஆகையால் வராந்தாவில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு: கோவை வேலையில் கற்றுக்கொள்ள விஷயம் இருந்தால் ஆறாயிரத்துக்காகச் சென்னைக்குப் போகாதீர்கள். கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால், சம்பளம் குறைத்துக் கொடுத்தாலும் சென்னைக்கே போங்கள். பெற்றோர்களே, பெண் பிள்ளை என்பதால் பக்கத்து ஊரே போதும் என்று முடிவெடுக்காதீர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் திருச்சி, சேலம், தஞ்சாவூர் என்று பல ஊர்களில் வந்துவிட்டன. நீங்களும் ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வாடகைக்கு இருப்பவர்கள் பலரின் ஓட்டு சொந்த ஊரிலேயே கிடக்கிறது. அதனால் குடியிருக்கும் வார்டில் குழாய் வறண்டால் கேட்க அவர்களுக்குக் குரல் இல்லை. வார்டுதோறும் பகுதி சபை கூட்டுகிறார்கள், அங்கே வாடகைக்காரர் முகத்தைப் பார்ப்பது அரிது. புதிய ஊரில் குடியேறிய உடனே படிவம் 8-ஐ நிரப்பி வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுங்கள். அடுத்த பகுதி சபைக்குப் போய், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று எழுந்து நின்று கேளுங்கள்.